போதகருக்கு ஒரு வாய்

எங்கள் போதகரைக் குடிக்க வைத்தது சாத்தான் இல்லை. சபை மூப்பர்கள். அதுவும் ஒளிவுமறைவாக இல்லை. பட்டப்பகலில், ஜெபம் முடிந்த கையோடு, ஊரே சுற்றி உட்கார்ந்திருக்க, இரண்டு கையாலும் சுரைக்குடுவையை ஏந்தி, “ஒரு வாய்தானே ஐயா” என்று கெஞ்சிக் குடிக்க வைத்தார்கள். இதைச் சொன்னால் மான்காவுக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். போதகர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்காலும் ஒரு வேலியும்தான். நான் பார்த்ததை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

போதகர் எலியாமினி குடிப்பார் என்பது கிளிமஞ்சாரோவின் இந்தச் சரிவிலிருந்து கீழே மோஷி டவுன் வரைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அவர் குரல் அப்படி. கல்லறையில் நின்று அவர் பாடினால், செத்தவனோடு வாழ்நாளெல்லாம் பேசாதவன்கூட அழுவான். அந்தக் குரலுக்காகவே ஊர் அவரைக் கூப்பிடும். கூப்பிட்ட வீட்டில் முதல் குடுவை அவருக்கு. பெண் கேட்கப் போனால் முதல் குடுவை, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் முதல் குடுவை, செத்த வீட்டில் மண் தள்ளி முடித்தால் முதல் குடுவை. வாழைப்பழத்தை வேகவைத்து, முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கஞ்சியாக்கிக் கலந்து, கசப்புப் பட்டை போட்டுப் புளிக்கவைத்த கள். அதை வேண்டாம் என்று தள்ளினால் அந்த வீட்டையே தள்ளியதாக அர்த்தம். அவரும் தள்ளவில்லை. தள்ளாமல் தள்ளாமல் கடைசியில் அவரைத்தான் நாலு பேர் தாங்கிப்பிடித்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

அவர் மனைவி ஐகாண்டே வாங்கிக்கொண்ட இசாலே இலைகளுக்குக் கணக்கே கிடையாது. இசாலே எங்கள் எல்லோர் வேலியிலும் நிற்கிற செடி. வாள் மாதிரி நீள இலை. தப்பு செய்தவன் அதில் ஒன்றைப் பறித்து இரண்டு கையாலும் நீட்டினால், எதிரில் இருப்பவர் வாங்கியே ஆகவேண்டும். வாங்கினால் மன்னித்ததாகும். வாங்காமல் கீழே விழவிட்டவர் என்று யாரையும் நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. கொலைப்பகைகூட அந்த இலையில் முடிந்திருக்கிறது. கிறிஸ்து இந்த மலைக்கு வருவதற்கு முன்பே இருந்த சட்டம் அது. அவர் வந்த பிறகும் இருக்கிறது.

போதகர் குடித்த மறுநாள் காலையில் வேலியில் ஓர் இலையைப் பறித்துக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்கு வருவார். ஐகாண்டே பால் கறந்துகொண்டிருப்பாள். சாணியில் முழங்கால் போட்டு இலையை நீட்டுவார். அவள் மடியை விட்டுக் கையை எடுத்து, துடைத்துக்கொண்டு, வாங்குவாள். ஊரில் எல்லார் வேலியும் தழைத்து நிற்க, போதகர் வீட்டு வேலி மட்டும் எங்கள் பக்கம் பார்த்தபடி மொட்டையாக நின்றது. 

பெருமழை தொடங்கிய வாரத்தில்தான் அவர் குழிக்குள் விழுந்தார். காப்பிச் சங்கத்தின் பழைய தலைவருக்கு அடக்கம். பெட்டியை இறக்கியாகிவிட்டது. போதகர் மண்ணை எடுக்கக் குனிந்தார். ஈரம், சரிவு, காலையிலேயே வயிற்றில் கள். அங்கியோடு சறுக்கிப் போய்ப் பெட்டி மேல் விழுந்தார்.  அப்புறம் யாரோ மூக்கால் சிரித்தார்கள், அதைத் தொடர்ந்து கூட்டமே சிரித்தது, செத்தவரின் பிள்ளைகள் உட்பட. ஐகாண்டே சிரிக்கவில்லை. சேற்றில் குப்புறப் படுத்து உள்ளே கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்தபடி, மேலே ஏறாமல், பிள்ளை மாதிரி அழுதார்.

மோஷி ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம். “கல்லீரல் போச்சு. இருக்கிறதைக் காப்பாத்தலாம், குடிக்காம இருந்தா. இன்னொரு தடவை குடிச்சா இங்க கொண்டுவராதீங்கம்மா. நேரா குழிக்கே கொண்டுபோங்க. அவருக்குத்தான் வழி தெரியுமே.” கேட்ட எனக்கு அந்த டாக்டரை அறையவேண்டும்போல் இருந்தது. ஐகாண்டே மட்டும், “உண்மையச் சொன்ன முதல் ஆம்பள அவருதான் மான்கா” என்றாள்.

அவரை உள்ளறையில் போட்டு அவளே பார்த்துக்கொண்டாள். கை உதறும், உடம்பு வேர்த்துக் கொட்டும், சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கத்துவார். அவள் வாழைக்காயும் பாலும் போட்ட கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். துப்பினால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள். இதற்கு நடுவே மாட்டுக்குப் புல்லும் வேண்டும். மேலே எங்கள் தோட்டங்களில் காப்பியும் வாழையும்தான். புல்லுக்குக் கீழே சமவெளிக்குப் போகவேண்டும். இருட்டோடு இறங்கி, அறுத்து, கட்டி, தலையில் ஏற்றி, ஏற்றத்தில் மூச்சு வாங்க வருவோம். அவள் பாதி வழியில் சுமையோடு நின்று, “கதவைத் தாழ் போட்டேனா மான்கா?” என்று கேட்பாள். ஒவ்வொரு நாளும் கேட்பாள்.

மழை விடுவதற்குள் மனிதர் எழுந்துவிட்டார். மண்வெட்டி எடுத்துக் காப்பிக்குக் களை வெட்டினார். வாய்க்காலில் சேறு அள்ளும் முறை வந்தபோது ஆள் அனுப்பாமல் தானே இறங்கினார். பிரசங்கத்தில் குரல் நடுங்கவில்லை. போதகர் வீட்டு வேலியில் இசாலே துளிர்த்து, முழங்கால் உயரம் வந்து, இடுப்பு உயரம் வந்தது. பறிக்க ஆளில்லையே.

ஊருக்கு இது பொறுக்கவில்லை. குடித்தபோது, “பாவம், மனுசன்தானே” என்ற வாய்கள் குடிக்காதபோது பேசின பேச்சைக் கேட்கவேண்டும். “எங்க பாஸ்டர் பெந்தெகொஸ்தேகாரராயிட்டார்” என்றார்கள். “நாளைக்குக் கையத் தட்டி ஆடுவார் பாருங்க” என்றார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர் மூத்த மூப்பர் கிமாரோ. நல்ல உயரம், வெள்ளைத் தொப்பி, பேச்சில் தேன். ஒரு ஞாயிறு கோயில் வாசலில், காணிக்கையாக ஏலத்துக்கு வந்த வாழைத்தாரையும் கோழியையும் பார்த்துக்கொண்டே ஐகாண்டேயிடம் சொன்னார்:

“பாஸ்டரம்மா, ஐயாவை ரொம்ப இறுக்கிக் கட்டாதீங்க. கயிறு அறுந்துடும். ஆண்டவரே கல்யாண வீட்டுல தண்ணியத்தானே திராட்சரசமா மாத்திக் கொடுத்தாரு?”

“கொடுத்தாரு மூப்பரே. குடிச்சுட்டுக் குழியில விழல.”

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிமாரோவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

என் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் கள் காய்ச்சி விற்கிறவள். புருஷன் போனபின் என் அடுப்பு எரிவது அதில்தான். கள் காய்ச்சும் பெண்களுக்கு எங்கள் சபையில் திருவிருந்து கிடையாது. கடைசி பெஞ்சு. சனிக்கிழமை என் முற்றத்தில் உட்கார்ந்து, “மான்கா, இன்னிக்குப் பதம் பிரமாதம்” என்று சொன்ன கிமாரோ, ஞாயிறு காலையில் திருவிருந்துத் தட்டோடு என் பெஞ்சைத் தாண்டிப் போவார். தலையைக்கூடத் திருப்பமாட்டார். காய்ச்சுவது பாவம். குடிப்பது வழக்கம். ஐகாண்டே ஒரு தடவை புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு, “உன் பானையும் ஒண்ணும் ஒசத்தி இல்ல” என்றாள். “வயித்துப் பொழப்புக்கு, அக்கா” என்றேன். “தெரியும்டீ, அதான் உன்கூட நடக்கிறேன்” என்றாள்.

திருவிருந்தில் மிஞ்சின திராட்சரசத்தைப் போதகர்தான் குடித்து முடிக்கவேண்டும், கொட்டக் கூடாது என்பது முறை. அவர் குடியை நிறுத்தியபின் ஐகாண்டே ஒவ்வொரு முறையும் ஆராதனை முடிந்ததும் உள்ளறைக்குப் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைத் தானே குடித்துக் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். வாசனையே ஆகாது அவளுக்கு. மூப்பர்களுக்கு இது தெரியும். தெரியாததுபோல் இருந்தார்கள். அங்கே பார்க்க ஆளில்லை என்பதால்.

காப்பி சிவக்கத் தொடங்கிய நேரம். கிமாரோவுக்கும் அவர் தம்பி ஃபனுவேலிக்கும் எல்லைத் தகராறு. கிமாரோ இசாலே வேலியைப் பிடுங்கித் தம்பி பக்கம் தள்ளி நட்டுவிட்டார். இரண்டு காப்பிச் செடி அண்ணன் பக்கம் போய்விட்டது. ஃபனுவேலி அரிவாளோடு வந்து நின்றார். முன்கோபி, ஆனால் வஞ்சகம் தெரியாதவர். போதகர் நடுவில் புகுந்து, நடையாய் நடந்து, வேலியைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் செய்துவிட்டார். குடிகாரப் போதகராய் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. சமாதானத்துக்கு நாள் குறித்தார்கள், கிமாரோ முற்றத்தில்.

ஆடு அடித்தார்கள். பெண்கள் நாங்கள் பின்னால் வாழைக்காயும் கறியும் போட்டுப் பெரிய சட்டியில் கிளறிக்கொண்டிருந்தோம். ஐகாண்டே கையில் நீளக் கரண்டி. போதகர் ஜெபித்தார். அண்ணன் இலையை நீட்ட, தம்பி வாங்கினார். எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்தது. அடுத்து கள். சமாதானம் செய்துவைத்தவர் முதலில் குடிக்கவேண்டும். பிறகு அதே குடுவையில் இரண்டு பேரும். அதுதான் முறை.

கிமாரோ குடுவையை ஏந்திக்கொண்டு வந்தார்.

“ஐயா.”

போதகர் புன்னகைத்தார். “எனக்குத் தண்ணி கொடுங்க மூப்பரே. தண்ணியில குடிச்சுத் தொடங்கிவைக்கிறேன்.”

“தண்ணியா?” என்றார் ஃபனுவேலி. “என்னய்யா இது? தண்ணியில யாராவது சமாதானம் பண்ணுவாங்களா?”

“உங்க சமாதானத்துக்கு என்னப்பா குறை? இலை மாறியாச்சு.”

“இலை மாறிச்சு. குடுவைய நீங்க தொடலியே. எங்கண்ணன் வீட்டுப் பானையில ஏதாவது கலந்திருக்குன்னு நெனைக்கிறீங்களா?”

“ஐயோ, அப்படிச் சொல்லாதே.”

“பின்ன? இத்தனை வருசமா எல்லார் வீட்டுலயும் குடிச்சீங்க. எங்க வீட்டு விசயத்துல மட்டும் வாய மூடிக்கிறீங்க. ஊரு என்ன சொல்லும்? பாஸ்டருக்கே நம்பிக்கை இல்ல, அந்தச் சமாதானம் நிக்காதுன்னு சொல்லும்.”

முற்றத்தில் முணுமுணுப்பு. இரண்டாவது மூப்பர் இருமிக்கொண்டே, “நாக்குல வெச்சாப் போதும்யா. ஒரு வாய். ஒரு வாய்க்கு யாராவது செத்திருக்காங்களா?” என்றார்.

கிமாரோ குடுவையை இன்னும் கிட்டே கொண்டுபோனார். “ஐயா, எங்க சண்டையத் தீர்க்க நீங்கதான் நடந்தீங்க. கடைசி அடியில காலை இழுத்துக்காதீங்க. உங்களுக்காக இல்ல. எங்களுக்காக. ஒரு வாய்தானே ஐயா.”

போதகர் குடுவையைப் பார்த்தார். நுரை மேலே கேழ்வரகுத் தவிடு மிதந்திருக்கும். அந்த வாசனையை நான் அறிவேன். என் பிழைப்பே அதுதான். அவர் தொண்டை ஏறி இறங்கியதை நான் அங்கிருந்து பார்த்தேன்.

கரண்டி சட்டியில் மோதிய சத்தம் கேட்டது. ஐகாண்டே ஆண்கள் வட்டத்துக்குள் நடந்துபோய்விட்டாள்.

“கொடுங்க மூப்பரே. நான் குடிக்கிறேன்.”

“பாஸ்டரம்மா, நீங்க அந்தப் பக்கம் போங்க.”

“அவருக்குப் பதிலா நான் குடிக்கிறேன். முழுக் குடுவையும் குடிக்கிறேன். கோயில்ல மிச்சத்த நான் குடிக்கறப்போ யாரும் ஒண்ணும் சொல்லலியே?”

“அது வேற. இது பொம்பள தொடங்கிவைக்கிற காரியம் இல்ல.”

“அவர் குடிச்சா செத்துடுவார். டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். என் வாயாலதான் சொன்னேன், உங்க எல்லாருக்கும், இதே முற்றத்துல.”

“டவுன் டாக்டருக்கு நம்ம கள்ளப் பத்தி என்ன தெரியும்? இது சாராயமா? கேழ்வரகும் பழமும். புள்ளத்தாச்சிக்கே கொடுக்கிறோம்.”

“எல்லார் முன்னாலயும் புருசன அவமானப்படுத்துறாளே” என்று யாரோ சொன்னார்கள். யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. அந்தச் சொல்தான் வேலை செய்தது. போதகர் முகம் சுருங்கிவிட்டது. “ஐகாண்டே, போம்மா” என்றார் மெதுவாக. “ஒரு வாய்தான்.”

இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு வாய் குடித்தார். ஊர் மூச்சு விட்டது. கிமாரோ கையை நீட்டினார், குடுவையைத் திருப்பி வாங்க. போதகர் கொடுக்கவில்லை. இன்னொரு வாய். அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்து நரம்பு புடைக்க, அடி வரைக்கும் குடித்தார். ஃபனுவேலி தொடையில் தட்டிச் சிரித்து, “இதுதான் எங்க பாஸ்டர்!” என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். குலவையிட்ட நாக்குகளை அறுக்கவேண்டும். ஐகாண்டே சட்டியிடம் திரும்பவில்லை. தோட்டத்து வழியே வீட்டுக்கு நடந்துபோனாள்.

அன்றைக்குப் போதகர் வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கிமாரோ வீட்டில் குடித்தாரே, எங்கள் வீட்டில் மட்டும் என்ன என்று வழியெல்லாம் பிடித்து உட்காரவைத்தார்கள். ஏழெட்டு வீட்டுக்கு மரியாதை செய்யவேண்டியிருந்தது போதகருக்கு. என் முற்றத்துக்கும் வந்தார். நான் பானையை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். “நீயுமா மான்கா?” என்று கேட்டுவிட்டு, தள்ளாடி, என்னைத் தாண்டி வேறு வீட்டுக்குப் போனார்.

அதற்கும் மறுநாள் நாங்கள் புல்லறுத்துத் திரும்பும் வழியில் வாய்க்காலோரம் அவரைக் கண்டோம். கால்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை முன்பக்கம் முழுக்க இரத்தம், வாந்தி. ஐகாண்டே புல்லுக்கட்டைத் தலையிலிருந்து அப்படியே பின்னால் தள்ளினாள். அது சரிவில் உருண்டு போயிற்று. “பிடி” என்றாள். பிடித்தேன். அழுதாளா என்று கேட்காதீர்கள். அவள் பல் கடித்த சத்தம்தான் எனக்குக் கேட்டது.

வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கிய வண்டியில் தார்களுக்கு மேலே படுக்கவைத்து மோஷிக்குக் கொண்டுபோனோம். வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். கொஞ்ச நாள் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? கண் இரண்டும் பழுத்த வாழைத்தோல் நிறம். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை.

அடுத்த ஞாயிறு ஆராதனையை உபதேசியார் நடத்தினார். அறிவிப்பு நேரத்தில் கிமாரோ எழுந்து, “நம்ம போதகர் கடும் மலேரியாவுல படுத்திருக்கார். சபை ஊக்கமா ஜெபிக்கணும்” என்றார்.

“மலேரியா இல்ல” என்றது முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல். ஐகாண்டே நின்றிருந்தாள். “கள்ளு. மூப்பர் கையால கொடுத்த கள்ளு. ஜெபிக்கிறதா இருந்தா அதுக்கு ஜெபம் பண்ணுங்க.”

 அவள் நடந்து கடைசி பெஞ்சுக்கு வந்து, என் பக்கத்தில், கள் காய்ச்சும் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குத் திருவிருந்துத் தட்டு அவளையும் தாண்டிப் போயிற்று.

அதற்குப்பின் மூப்பர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. கிமாரோவின் மகளுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்தது. மாப்பிள்ளை வீடு பெரிய இடம், பேராயரே வந்து கட்டிவைக்கிறதாக ஏற்பாடு. இந்த நேரத்தில் சாகக்கிடக்கிற ஒரு மனிதன் வீட்டில் மனத்தாங்கலை விட்டுவிட்டுப் போனால் அந்தச் சாபம் பிள்ளைகள் தலையில் இறங்கும் என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. வேதம் படித்தாலும் உண்டு. அதனால் வந்தார்கள்.

பிற்பகல். மலையிலிருந்து பனிமூட்டம் வாழைத்தோப்புக்குள் இறங்கிவிட்டது. ஐகாண்டே மாட்டுக்கு வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கொட்டிலைக் கூட்டினேன். நாலு பேர் வந்தார்கள்: முன்னால் கிமாரோ, இரண்டு மூப்பர்கள், கடைசியில் ஃபனுவேலி. ஃபனுவேலியின் பார்வை தரையில் இருந்தது. அவர் தலையில் துணி சுற்றிய ஏதோ ஒன்று.

கிமாரோ தொப்பியைக் கழற்றினார். மூட்டு வலியோடு முழங்காலிட்டார். அதைச் சொல்லவேண்டும், முழங்காலிட்டார். இசாலே இலையை இரண்டு கையாலும் நீட்டினார்.

“ஐகாண்டே, எங்க மேல வருத்தம் இருக்கு உனக்கு. இருக்கவேண்டியதுதான். நாங்க ஐயாவ வற்புறுத்தினோம். பிரியத்துல செஞ்சது. இப்படி ஆகும்னு நெனைக்கல. சபையோட பேரால கேக்கிறேன், மனசுல வெச்சுக்காதே.”

அவள் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தாள். அந்த இலையைப் பார்த்தாள். எத்தனை வாங்கியிருப்பாள்! கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“வாங்கியாச்சு மூப்பரே. எழுந்திரிங்க.”

எல்லோர் முகமும் தெளிந்தது. “ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்றார் ஒரு மூப்பர். கிமாரோ எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். ஃபனுவேலி தலையிலிருந்ததை இறக்கினார். துணியை விலக்கினார்கள். பானை.

என் கையிலிருந்த விளக்குமாறு நழுவிவிட்டது.

“இது எதுக்கு?” என்றாள் ஐகாண்டே.

“என்ன கேள்வி? சமாதானம்னா குடுவை வேணுமே. இலை மட்டும் மாறினா அரைச் சமாதானம்.” கிமாரோ சொன்னது கேலி இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதருக்கு அது உறைக்கவே இல்லை. முறைப்படி செய்யவேண்டும் என்ற கவலைதான் முகத்தில். “என் வீட்டுக்காரி கையால காய்ச்சினது. நல்ல பதம். நீ ஒரு வாய், நான் ஒரு வாய்.”

ஐகாண்டே வாயைத் திறந்தாள். அவள் பேசும் முன் உள்ளறையிலிருந்து குரல் வந்தது. அந்தப் பழைய குரலில் மிச்சம் இருந்த நூல்.

“கிமாரோவா? வாசனை வருதே... ஐகாண்டே... மூப்பர்கிட்டச் சொல்லும்மா. எனக்கு ஒரு வாய்...”

 இரண்டாவது மூப்பர் தன் செருப்பைப் பார்த்தார்.

“கேட்டீங்களா?” என்றாள் ஐகாண்டே. “நல்லாக் கேட்டுக்கோங்க. இப்ப பிரியத்துல கேக்கிறார்.”

வேலிக்கு நடந்தாள். இடுப்பு உயரம் தழைத்திருந்ததில் ஓர் இலையை ஒடித்துக்கொண்டு வந்து, கிமாரோ முன்னால், அவர் போட்ட அதே இடத்தில் முழங்கால் போட்டாள். பெண்கள் ஆண்களுக்கு இலை நீட்டுவது எங்கள் ஊரில் அபூர்வம். நீட்டினால், ஆணும் வாங்கவேண்டியதுதான்.

“நீங்க கேட்டீங்க, நான் வாங்கினேன். இப்ப நான் கேக்கிறேன். நானும் உங்கள சபையில வெச்சு அவமானப்படுத்தினேன், அதுக்கு மன்னிப்பு. கூடவே ஒண்ணு கேக்கிறேன். இவர் எழுந்திரிக்கிற வரைக்கும், இல்ல இவரப் புதைக்கிற வரைக்கும், நீங்க நாலு பேரும் கள்ளத் தொடக்கூடாது. செத்த வீடானாலும் கல்யாண வீடானாலும். முதல் குடுவைய நீட்டுவாங்க. வேணாம்னு சொல்லுங்க. கெஞ்சுவாங்க. வேணாம்னு சொல்லுங்க. விசமான்னு கேப்பாங்க, பெந்தெகொஸ்தேவான்னு கேப்பாங்க. அப்பவும் வேணாம்னு சொல்லுங்க. அவர் தனியாச் சொன்னார். நீங்க நாலு பேரு.”

“ஐகாண்டே...” கிமாரோவின் தேன் வற்றிவிட்டது. “என் பொண்ணு கல்யாணம் வருது.”

“தெரியும்.”

“சம்பந்தி வீட்டுல நான் குடுவையத் தொடலைன்னா... பேராயர் முன்னால... அவங்க என்ன நெனைப்பாங்க? காரியமே கெட்டுடும்மா. இதக் கேக்கக்கூடாது.”

“ஒரு வாயக் கேக்கல மூப்பரே. ஒரு வாய வேணாம்னு சொல்லத்தான் கேக்கிறேன்.”

இலையை அவர் உள்ளங்கைகளில் வைத்தாள். கை விரிந்தே இருந்தது. மூடவில்லை. அவர் அந்த இலையைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கைகள் மெல்ல விலகின. இலை அவர் காலடியில் சாணித் தரையில் விழுந்தது.

இந்த மலையில் இசாலே இலையைக் கீழே விழவிட்ட முதல் மனிதரை நான் பார்த்துவிட்டேன். வழக்கம், முறை, மரியாதை என்று ஒரு மனிதனைக் கொன்ற அதே கை.

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். குனிந்தார். இலையை எடுப்பதற்கு என்றுதான் நினைத்தேன். பானையைத் துணியில் சுற்றி, இரண்டு கையாலும், ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கிக்கொண்டார். மற்ற இரண்டு மூப்பர்களும் பின்னால் நடந்தார்கள். பனிமூட்டம் மூன்று பேரையும் விழுங்கிவிட்டது.

ஃபனுவேலி மட்டும் நின்றார். தொடையில் தட்டிச் சிரித்த அந்தக் கையால் இலையை எடுத்து, சட்டையில் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டார்.  அவரும் போனார். கல்யாணத்தன்று அவர் கையில் சோடா பாட்டில் இருந்ததாகவும், சம்பந்தி வீட்டார் கேட்டுச் சிரித்ததாகவும் பின்னால் சொன்னார்கள். நான் போகவில்லை.

ஐகாண்டே தரையிலிருந்து எழுந்து கத்தியை எடுத்து மிச்சத் தண்டையும் வெட்டி முடித்தாள். மாட்டுக்குப் போட்டாள். கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனாள். நான் தண்ணீர்ச் சொம்போடு பின்னால் போனேன். போதகர் கதவைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

“போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க.”

“பானை?”

“அதையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழத் தொடங்கினார். எதற்கு அழுகிறார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, “வாயத் திறங்க” என்றாள்.